எலக்ட்ரிக் சாமான் கழட்டிப் பூட்டப் பழக எங்க தொடங்குறது?

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு தம்பி கேட்டிருந்தார், ஏ.எல்.ல டெக்னொலொஜி படிச்சு முடிச்சிட்டன், சர்க்கிட் கீறச் சொன்னா கீறுவன், ஓம் விதிக் கணக்கும் செய்வன், ஆனா வீட்டில ஒரு பேன் நிண்டா கை வைக்கப் பயமா இருக்கு, கரண்ட் சாமான் கழட்டிப் பூட்டவும் சின்னதா ஏதும் சொந்தமாச் செய்யவும் கைவேலையாப் பழகணும், கோர்ஸ் போறதா கடையில நிக்கிறதா, என்ன டூல்ஸ் வாங்கிறது எண்டு. ஒரு வரியில சொல்ற விசயம் இல்ல, கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

முதல்ல அந்தப் பயம். அது இருக்கட்டும், அத விரட்டத் தேவையில்ல. கரண்ட் வேலை எண்டா கரண்ட் ஓடக்குள்ள கைய விட்டுச் செய்யுற வேலை எண்டுதான் கனபேர் நினைக்கிறாங்க. உண்மையில திருத்துற வேலையில பெரும்பகுதி பிளக்க சுவர்ல இருந்து கழட்டி மேசையில வெச்சிட்டுச் செய்யுறதுதான். பிழை எங்க எண்டு கண்டுபிடிக்கிறதே கூடுதலா மீட்டர்ல ஓம் பாத்துத்தான். கரண்ட் குடுத்துப் பாக்கிறது கடைசி வேலை, அதுவும் ஒரு பாதுகாப்போட. இத மனசில வெச்சிட்டுத் தொடங்கினா நீங்க வகுப்பில படிச்ச கணக்கு எல்லாம் இங்க நேரா வேலைக்கு வரும்.

ஒரு அயன எடுங்க. அடியில 230 வோல்ட் 1000 வாட் எண்டு எழுதியிருக்கும். வோல்ட்ட வோல்ட்டால பெருக்கி வாட்டால பிரிச்சா 53 ஓம் அளவில வரும். இப்ப பிளக்கோட ரெண்டு பின்னுக்கும் மீட்டர் வயர வெச்சு, அயன்ட திருகிய கூட்டி விட்டுப் பாருங்க, ஐம்பதச் சுத்தி ஏதோ காட்டினா எலிமென்ட், தெர்மோஸ்டாட், வயர், பிளக்குள்ள இருக்கிற பியூஸ் எல்லாம் ஒரே அடியில பாத்து முடிஞ்சுது, ஒரு ஸ்குரூ கூடக் கழட்டேல்ல. ஒண்டும் காட்டாட்டி வழியில எங்கயோ அறுந்திருக்கு, பியூஸ், வயர் மடியிற இடம், தெர்மோஸ்டாட் பொயிண்ட், கடைசியா எலிமென்ட் எண்டு ஒழுங்கா வாங்க. வயர் மடியிற இடம்தான் அனேகமா. அதுக்குப் பொறகு எர்த் பின்னுக்கும் பேஸ் பின்னுக்கும் (கரண்ட் வாற பின்) வெச்சுப் பாருங்க, அங்க ஒண்டும் காட்டக்கூடாது, காட்டினா அந்த அயன் ஆளக் கொல்லும். ரைஸ் குக்கர், கேத்தல் எல்லாத்துக்கும் இதே கணக்குத்தான், 2000 வாட் கேத்தல் எண்டா 26 ஓம் கிட்ட. வீட்டில நல்லா வேலை செய்யுற சாமான் எல்லாத்தையும் முதல்ல இப்பிடி அளந்து ஒரு கொப்பியில எழுதுங்க. நல்லது எப்பிடிக் காட்டும் எண்டு தெரியாம பழுதக் கண்டுபிடிக்க ஏலா.

டூல்ஸ் பற்றி நிறையச் சொல்ல ஒண்டும் இல்ல. மூடின பெட்டியில அறுபது சாமான் இருக்கிற செட் வாங்காதீங்க, நட்சத்திரத் தலை ரெண்டு சைஸ், மட்டத் தலை ரெண்டு சைஸ், நோஸ் பிளையர், கட்டர், ஒரு குறடு, சோல்டரிங் அயன், ஈயம் உறிஞ்சிற பம்ப், போதும். கேத்தல் அடியில முக்கோணத் தலை ஸ்குரூ வரக்குள்ள அதுக்குரிய பிட் தனியா வாங்கலாம். காசு போடுறதெண்டா மீட்டருக்குப் போடுங்க, கப்பாசிட்டரும் அளக்கிறதா எடுங்க. பேஸ் இருக்கா எண்டு பாக்க டெஸ்டர, அதான் உள்ள லைட் பத்துற ஸ்குரூ ட்ரைவர, மட்டும் நம்பி வேலை செய்யுறவங்க நம்மட பக்கம் கனபேர், டெஸ்டர் பத்தேல்ல எண்டா கரண்ட் இல்ல எண்டு அர்த்தமில்ல, காஞ்ச பலகையில நிண்டாலும் அது மங்கும். மீட்டர்ல பாக்கிறதெண்டாலும் முதல்ல கரண்ட் இருக்கிற ஒரு பொயிண்ட்ல வெச்சு மீட்டர் வேலை செய்யுதா பாத்து, பொறகு சந்தேகமான இடத்தப் பாத்து, திரும்ப அந்த நல்ல பொயிண்ட்டப் பாக்கணும். வயர் நிறத்தையும் நம்பாதீங்க. பழைய வீட்டு வயரிங்ல சிவப்பும் கறுப்பும், இப்ப வாற சாமானில பிரவுணும் நீலமும், இடையில ஆரோ ஒரு ஆள் கையில இருந்த வயரப் போட்டு முடிச்சிருப்பார்.

பழகுறதுக்குச் சாமான் எங்க எடுக்கிறது? பழைய இரும்புக்காரர் தெருவால வாறாரே, அவரிட்ட செத்த பேன், பிளண்டர், அயன் எல்லாம் கிலோ விலைக்குக் கிடக்கும். வீட்டில ஓடுற சாமானக் கழட்டிப் பழகாதீங்க, உம்மாவோ அம்மாவோ பேசுற பேச்சில ஆசையே போயிடும்.

முதல் சாமான் மேசை பேன் எண்டுதான் நான் சொல்லுவன், ஏனெண்டா அதுக்குள்ள மோட்டர், கப்பாசிட்டர், சுவிட்ச், கியர், புஷ் எல்லாம் இருக்கு, விலையும் இல்ல. முன் கூட்டக் கழட்டினா பிளேட்டப் பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் மூடி வரும். வழமை போல இடப்பக்கம் திருப்பினா அது இன்னும் இறுகும், அது எதிர்ப் பிரி, வலப்பக்கம் திருப்பினாத்தான் கழரும். பிளேட் சுத்தக்குள்ள தானாக் கழண்டு வராம இருக்க அப்பிடி வெச்சிருக்கிறாங்க. அதுக்குப் பின்னால கூட்டப் பிடிச்சிருக்கிற வளையம் சாதாரணப் பிரிதான். இது தெரியாம எத்தனை பேர் மூடிய உடைச்சிருப்பாங்க எண்டு எந்தக் கடையில கேட்டாலும் சொல்லுவாங்க. ஒவ்வொரு படிக்கும் போன்ல ஒரு படம் எடுங்க, ஸ்குரூவ முட்டைத் தட்டில கழட்டின ஒழுங்கில போடுங்க, வயர வெட்ட முதல் பேப்பர் டேப் ஒட்டி நம்பர் போடுங்க.

உள்ள போனா, தண்டு நிக்கிற புஷ்ஷும் அதச் சுத்தி எண்ணெய் ஊறின கம்பளித் துண்டும் இருக்கும். நம்மட பக்கம் பேன் நிக்கிறதுக்குப் பெரிய காரணம் இதுதான், கடற்காத்தும் தூசும் தலைமயிரும் சேந்து எண்ணெயக் காய வெச்சிடும். தண்டு இறுகினா மோட்டர் சுத்த ஏலாம சூடாகும், சூடானா கொயிலுக்குள்ள ஒரு சின்ன தெர்மல் பியூஸ் இருக்கு, அது ஒரே தடவை எரிஞ்சு கரண்ட்ட நிப்பாட்டிடும். இப்ப ஒரு சில ஆக்கள் என்ன செய்வாங்கெண்டா அந்த பியூஸ வெட்டிப்போட்டு வயர நேராச் சேத்து விடுவாங்க, பேன் ஓடும், வீட்டுக்காரருக்குச் சந்தோசம். பொறகு ஒரு நாள் இரவு புஷ் திரும்ப இறுகக்குள்ள நிப்பாட்ட ஒண்டும் இல்ல, கொயில் எரிஞ்சு நெருப்பாத்தான் வரும். அதே வெப்ப அளவு எழுதின பியூஸத்தான் போடணும், அதையும் சோல்டர் பண்ணினா அந்தச் சூட்டிலயே செத்துப்போகும், கிளிப் வெச்சு நசுக்கித்தான் பூட்டுறது. புஷ்ஷத் துடைச்சு எண்ணெய் விடாம பியூஸ் மட்டும் மாத்தினா அதே பேன் திரும்ப உங்கட மேசைக்கு வரும். எரிஞ்ச சாமான மாத்துறது லேசு, அது ஏன் எரிஞ்சுது எண்டு தேடுறதத்தான் நீங்க பழக வந்திருக்கிறீங்க.

சீலிங் பேனுக்கு வாங்க. மூண்டு வயர் வெளிய வரும், நிறம் கம்பனிக்குக் கம்பனி வேற. ரெண்டு ரெண்டா அளந்தா மூண்டு ரீடிங் வரும், உதாரணமா 180, 240, 420 எண்டு வெச்சுக்கொள்ளுங்க. பெரிய ரீடிங் மத்த ரெண்டையும் கூட்டின அளவு. பெரிய ரீடிங் காட்டுற சோடியில இல்லாத வயர்தான் கொமன், அதாவது உள்ள இருக்கிற ரெண்டு கொயிலுக்கும் பொதுவான வயர், அத நேரா கரண்ட்டுக்குக் குடுக்கிறது, மத்த ரெண்டுக்கும் நடுவில கப்பாசிட்டர். கூட்டுத்தொகை சரிவரேல்ல எண்டா ரெண்டு கொயிலுக்கும் இடையில எங்கயோ சோட், அதாவது ஒண்டோட ஒண்டு முட்டியிருக்கு, ரெண்டு சோடி ஒண்டுமே காட்டேல்ல எண்டா ஒரு கொயில் அறுந்திருக்கு. இந்த ஒரு கணக்குத் தெரிஞ்சா இப்பிடி மூண்டு வயரும் கப்பாசிட்டரும் வாற சீலிங் பேன வயரிங் படம் இல்லாமப் பூட்டலாம். கையால தள்ளி விட்டாத்தான் சுத்துது, இல்லாட்டி ஆமை வேகத்தில ஓடுது எண்டா கப்பாசிட்டர அளங்க, 2.5 மைக்ரோபரட் எண்டு அடிச்சது 1.6 காட்டினா அதுதான் காரணம்.

பூட்டி முடிச்சிட்டு நேரா சுவர்ல குத்தாதீங்க. நீங்க சொந்தமாச் செய்யுற முதல் சாமான் சீரிஸ் பல்ப் போட் ஆக இருக்கட்டும். ஒரு பலகை, ஒரு சுவிட்ச், ஒரு பல்ப் ஹோல்டர், ஒரு 13 ஆம்பியர் சொக்கட். பேஸ் சுவிட்சுக்குப் போய், அங்க இருந்து பல்ப்புக்குப் போய், பல்ப்புக்கு அங்கால சொக்கட்டுக்கு வரும், நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போற வயர்) எர்த்தும் நேரா சொக்கட்டுக்கு. பல்ப் பழைய மாதிரி இழை பல்ப், 60 அல்லது 100 வாட், எல்.ஈ.டி. சரிவராது. திருத்தின சாமான இதில குத்தினா, உள்ள சோட் இருந்தாக் கூட மெயின் விழாது, வெடிக்காது, பல்ப் முழுசாப் பத்தும், அவ்வளவுதான். பேன் மாதிரி சின்ன மோட்டர் எண்டா பல்ப் மங்கலாப் பத்தும், பேன் மெதுவா அசையும். ஆனா இங்க ஒரு விசயம் கனபேர் குழம்புறது: அயனையோ கேத்தலையோ குத்தினா பல்ப் நல்லாப் பத்தத்தான் செய்யும், அது சோட் இல்ல. 100 வாட் பல்ப் சூடாகினா 530 ஓம் கிட்ட, அயன் 53 ஓம், வோல்ட்ல பத்தில ஒன்பது பங்குக்கு மேல பல்ப்தான் எடுத்துக்கொள்ளும். அதால ஹீட்டர் சாமானுக்கு ஓம் ரீடிங்தான் தீர்ப்பு. இன்னொண்டு, இந்த போட் சாமானத்தான் காப்பாத்தும், உங்களை இல்ல, பல்ப் ஊடா வாற கரண்ட்டும் ஆளக் கொல்லக் காணும். மெயின் பெட்டியில இருக்கிற ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஆம்பியர்ல விழும், அதில இருக்கிற டெஸ்ட் பட்டன இடைக்கிடை அமத்திப் பாருங்க. அதையும் முழுசா நம்ப ஏலா, ஒரு கையில பேஸும் மத்தக் கையில நியூட்ரலும் பிடிச்சா அது உங்களை ஒரு பல்ப்பு எண்டு நினைச்சுக்கொண்டு பேசாம இருக்கும்.

அடுத்ததா எக்ஸ்டென்சன் வயர் ஒண்டு ஒழுங்காச் செய்யுங்க, சின்ன வேலை எண்டு நினைக்காதீங்க, இதில கையப் பாத்தே ஆளோட தரம் சொல்லலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் மூண்டு கோர் வயர். பிளக்குக்குள்ள எர்த் வயர மத்த ரெண்ட விடக் கொஞ்சம் நீளமா விடணும், ஆரும் இழுத்தாக் கடைசியா அறுறது எர்த்தா இருக்கணும் எண்டதுக்கு. வயர் நுனிக்கு ஈயம் வெச்சு ஸ்குரூவில இறுக்கிற பழக்கம் நம்மட ஆக்களிட்ட இருக்கு, பாக்க வடிவுதான், ஆனா ஈயம் மெதுவான சாமான், அமத்தத்துக்குள்ள நாள்போக்கில அமுங்கி ஸ்குரூ லூசாகும், லூசானா சூடாகும், பிளக் பழுப்பாகிறது அப்பிடித்தான். நுனியில சின்னக் குழாய் மாதிரி ஒரு முனை நசுக்கிப் போடுறது நல்லம், இல்லாட்டி சும்மா முறுக்கி இறுக்கினாலே போதும். பிளக்குக்குள்ள பியூஸ் பேனுக்கு 3 ஆம்பியர், கேத்தலுக்கு 13, எல்லாத்துக்கும் 13 போட்டு விடாதீங்க.

அதுக்குப் பொறகு ஒரு பவர் சப்ளை கட்டுங்க, இங்கதான் உங்கட ஏ.எல். கணக்கு திரும்ப வரும். 12 வோல்ட் ட்ரான்ஸ்போமர், நாலு டயோட், ஒரு பெரிய கப்பாசிட்டர், வோல்ட்ட ஒரே அளவில வெச்சிருக்கிற ஒரு ரெகுலேட்டர். 12 வோல்ட் எண்டு எழுதினது உச்சத்தில 17, டயோட் ரெண்டில 1.4 போனா 15 சொச்சம் கப்பாசிட்டர்ல நிக்கும், லோட் இல்லாட்டி இன்னும் ஏறும், அதால 16 வோல்ட் கப்பாசிட்டர் போட்டா வெடிக்கிற அளவுக்குக் கிட்ட, 25 வோல்ட் போடுங்க. அதில இருந்து 5 வோல்ட் எடுக்கப் போனா 1 ஆம்பியருக்கு 10 வாட் சும்மா சூடாப் போகும், தொட்டுப் பாத்தா விளங்கும் ஏன் சூட்ட இழுக்கிற ஹீட்சிங்க் தகடு எண்டு. சோல்டர் பண்ணக்குள்ள ஈயத்த அயன்ல உருக்கிக் கொண்டுவந்து ஒட்டாதீங்க, சாமான்ட காலையும் போட்டையும் சேத்துச் சூடாக்கி அந்தச் சூட்டில ஈயம் ஓடணும். 60க்கு 40 ஈயம் 190 பாகை கிட்ட உருகிடும், பழகக்குள்ள அது லேசு, ஆனா கை கழுவாமச் சோறு சாப்பிடாதீங்க. அயன நிப்பாட்ட முதல் நுனியில கொஞ்சம் ஈயம் பூசி விடுங்க, இல்லாட்டி நம்மட ஈரக் காத்துக்கு அடுத்த நாள் நுனி கறுத்து ஈயம் ஒட்டாது.

அந்தக் காத்துப் பற்றித் தனியாச் சொல்லணும், ஏனெண்டா கொழும்பிலயோ சென்னையிலயோ எடுத்த வீடியோவில இது வராது. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எண்டு கடற்கரை ஓரமா வாற சாமானுக்குப் பாதிப் பிழை பச்சைக் களிம்புதான். சுவிட்ச் பொயிண்ட், கிளிப், போட்ல இருக்கிற காலுகள் எல்லாம் பச்சை பிடிச்சிருக்கும். ஐசி (போட்ல இருக்கிற சிப்) போச்சு எண்டு முடிவெடுக்க முதல் ஐசோபுரோபைல் அல்ககோல்ல பிரஷ் வெச்சுக் கழுவிக் காய வெச்சுப் பாருங்க. அடுத்தது வெள்ளம். 2011 சனவரி வெள்ளம் கண்ட ஆக்களுக்குத் தெரியும், வடிஞ்ச பொறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலயும் தண்ணி மோட்டரும் பிரிட்ஜும் காயுறத. வெள்ளத்தில நிண்ட மோட்டர வெயில்ல வெச்சு வெளிய காஞ்ச உடன குத்தக்கூடாது. கழட்டி, சேத்த நல்ல தண்ணியாலயே கழுவி, பெயரிங் மாத்தி, கொயிலுக்குள்ள ஈரம் போகக் காய வைக்கணும், ஒரு பெட்டிக்குள்ள 60 வாட் பல்ப் போட்டும் வைக்கலாம். பொறகு மெகர் எண்ட, கரண்ட் ஒழுகுதா எண்டு கூடின வோல்ட்ல அளக்கிற மீட்டரால 500 வோல்ட்ல கொயிலுக்கும் பொடிக்கும் இடையில அளந்து 1 மெகாஓமுக்கு மேல வந்தாத்தான் கரண்ட். சாதாரண மீட்டர் உள்ளுக்கு ஒரு சின்ன பெட்டரியாலதான் அளக்குது, அது நல்லம் எண்டு சொன்ன கொயில் 230 வோல்ட்ல ஒழுகலாம். மெகர் உங்களுக்கு வாங்கத் தேவையில்ல, அது இருக்கிற கடையாப் பாத்து நில்லுங்க.

இப்ப கடையா கோர்ஸா. ரெண்டும். மட்டக்களப்பிலயும் சம்மாந்துறையிலயும் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கு, அம்பாறையில ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கு, தொழிற்பயிற்சி அதிகார சபைட நிலையங்கள் இருக்கு, நைட்டா எண்ட அரச பயிலுனர் பயிற்சி அதிகார சபை ஊடா வேலைத்தலத்தில பயிலுனராப் போற வழியும் இருக்கு. என்.வி.கியூ. எண்ட தேசிய தொழில் தகைமை ஏழு மட்டம், நாலு வரைக்கும் சான்றிதழ், அஞ்சும் ஆறும் டிப்ளோமா. உங்களுக்கு மூண்டு அல்லது நாலு எடுத்தா வெளிநாடு போறதுக்கும் உள்ளூர்ல கொன்ட்ராக்ட் எடுக்கிறதுக்கும் கையில ஒரு தாள் இருக்கும். கடையிலயே பழகின ஆக்களும் ஆர்.பி.எல். எண்ட முறையில அனுபவத்தக் காட்டிச் சோதனை செய்து அதே சான்றிதழ் எடுக்கலாம், இது தெரியாம நல்ல கைவேலைக்காரங்க கனபேர் தாள் இல்லாம இருக்கிறாங்க. கோர்ஸ்ல சேர முதல் நேர போய் வேக்‌ஷொப்பப் பாருங்க, ஒரு மோட்டருக்கு எத்தனை பிள்ளை நிக்கிது, எண்ணெய்க் கறை இருக்கா, இல்லாட்டி எல்லாம் கண்ணாடி அலுமாரிக்குள்ள மினுங்குதா எண்டு. மினுங்கினா அங்க கை பழகாது.

கடை தெரியிறதில கவனம். போட்ட மாத்து, மோட்டர மாத்து எண்டு மாத்தியே காசு பாக்கிற கடையில வருசக்கணக்கா நிண்டாலும் மாத்தத்தான் தெரியும். சாமான் வந்த உடன கழட்ட முதல் மீட்டர எடுக்கிற ஆளாப் பாருங்க. "மனே, மொதல்ல அளந்து பாரு, பொறகு கழட்டு" எண்டு ஏசுற ஒரு பாஸ் கிடைச்சா சம்பளம் குறைவெண்டாலும் விடாதீங்க. முதல்ல கூட்டித் துடைக்கத்தான் விடுவாங்க, எண்ணெய் பிடிச்ச பேன் கழுவ விடுவாங்க, அதுவும் பாடம்தான், எந்தப் பழுது எப்பிடி மணக்கும் எண்டு மூக்குக்கு விளங்கத் தொடங்கும். மோட்டர் வைன்டிங் பழக ஆசையெண்டா கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் நெல் ஆலையும் வயல் பம்ப்பும் இருக்கிற இடமாப் பாருங்க, பெரும்போக அறுவடை நேரம் ஆலை மோட்டர் எரிஞ்சு வரக்குள்ள கடையில ஒரு கை கூடத் தேவைப்படும், அப்பப் போய்க் கேட்டா இல்லையெண்டு சொல்ல மாட்டாங்க. அங்க வெட்டி எடுக்கிற பழைய கொயில்ல சுத்து எண்ணுறது, எந்தப் பள்ளத்தில இருந்து எந்தப் பள்ளத்துக்குப் போகுது எண்டு கீறி எடுக்கிறது, வயர் தடிப்ப மைக்ரோமீட்டர்ல பாக்கிறது, இத ஒழுங்கா எழுதி வைக்கிற பொடியனுக்குத்தான் புதுசாச் சுத்த வயர் குடுப்பாங்க.

இப்போதைக்குத் தொடக்கூடாத சாமானும் சொல்லிடுறன். மைக்ரோவேவ் அவன், உள்ள இருக்கிற கப்பாசிட்டர்ல 2000 வோல்ட்டுக்கு மேல நிக்கும், பிளக் கழட்டின பொறகும். பழைய குழாய் டீவி. புது பிரிட்ஜ்ல ஆர் 600ஏ (R600a) எண்டு எழுதியிருந்தா உள்ள இருக்கிறது பத்துற காஸ், அந்தக் குழாய்ல சோல்டர் வைக்கவே கூடாது. கூரையில சோலார் பேனல் போட்டிருந்தா வெயில் இருக்கிற வரைக்கும் அந்த வயர்ல வோல்ட் இருக்கும், கீழ என்ன சுவிட்ச்ச ஓப் பண்ணினாலும் மேல நிக்காது. போன் சார்ஜர், டீவி பவர் சப்ளை மாதிரி சாமானில பெரிய கப்பாசிட்டர்ல 320 வோல்ட் டிசி நிக்கும், ஸ்குரூ ட்ரைவரால சோட் பண்ணி இறக்காதீங்க, ஒரு இழை பல்ப்ப வயரோட வெச்சு இறக்கி, மீட்டர்ல பாத்திட்டுக் கை வைங்க.

தம்பி, இந்தக் கிழமை ஒரு செத்த சீலிங் பேன் எடுங்க. கழட்ட முதல் அந்த மூண்டு ரீடிங்கையும் கப்பாசிட்டர் அளவையும் எழுதி அனுப்புங்க, கொமன் எது எண்டு நீங்க நினைக்கிறத்தையும் எழுதுங்க, பாத்துச் சொல்றன்.